நேத்துத்தான் காய்ச்சல்

"கட்டுரையில என்ட பேர்தான் முதல்ல வரணும் சேர்."

சொல்லிவிட்டேன். டொக்டர் ஜெமீல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்துக் கதிரையிலிருந்த ஹிமாயா கணினியில் தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

இப்படிக் கேட்கவே கூடாது என்று எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒலுவில் கெம்பஸில் எனக்கு முன்னால் படித்து வெளியேறிய ராத்தாமார் சொன்னார்கள், டொக்டர்மாரோடு வேலை செய்யப் போனால் பெயர் எத்தனையாவதாக வருகிறது என்று மட்டும் வாய் திறக்காதே, கடைசியில் வந்தாலும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுப் போ என்று. உம்மா அதையே வேறு மாதிரிச் சொன்னார். "பேர் கீர் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டிராத மகள். தந்தா எடு. தராட்டிப் பேசாம வா. கேட்டா, உள்ளதும் போயிரும்."

எங்கள் வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். வாப்பா ஒலுவில் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். என் பட்டச் சான்றிதழை உம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எப்ப கலியாணம்?" என்று கேட்பார்கள்.

"ஏன் றிபா உங்கட பேர் முதல்ல வரணும்?" என்று கேட்டார் டொக்டர். குரல் மென்மையாகத்தான் இருந்தது. சின்னப் பிள்ளைகளின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுக் கேட்டே அவருக்கு அந்தக் குரல் வந்திருக்க வேண்டும்.

"அதில உள்ள விசயத்தக் கண்டுபிடிச்சது நான் சேர்."

"நாம எல்லாரும் சேந்துதானே வேலை செஞ்ச?"

"சேந்துதான் செஞ்ச. ஆனா பிழையா இருந்ததப் பிழை எண்டு கண்டது நான் ஒராள்."

ஹிமாயா குனிந்து சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, நான் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. இதுதான் அவளிடம் எனக்குத் தாங்க முடியாதது.

ஹிமாயா டொக்டரின் தங்கை மகள். வார்டில் அவரை "சேர்" என்பாள். அறைக் கதவைச் சாத்தினால் "மாமா" என்பாள். கொழும்பில் வளர்ந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்து, அரச நியமனம் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது என்று மாமாவின் ஆய்வில் வந்து சேர்ந்தவள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. ஆங்கிலத்தில் பிழை விடுவாள், ஆனால் கூச்சமில்லாமல் விடுவாள். நான் சரியாகப் பேசும்போதும் எனக்கு வியர்க்கும். என் அபாயாவைப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டாள். கல்முனை பஸாரில் என்றேன். அடுத்த கிழமை அதே அபாயாவில் வந்தாள். ஒரே கடை, ஒரே துணி, அவளுக்கு மட்டும் அது வேறொன்றாக இருந்தது. நான் என்னுடையதை அலுமாரியின் அடியில் தள்ளினேன்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். கெட்டவளும் இல்லை. ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, உம்மா கொடுத்த மீனாணத்தைக் கையைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள். அவள் போன பிறகு உம்மா, "என்ன தங்கமான புள்ள. டொக்டர் எண்ட கொழுப்புத் துளிகூட இல்ல" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று அந்தப் பார்வை சொன்னது.

ஆய்வு என்னவென்றால் இதுதான். இரண்டாயிரத்து ஒன்பதில் உலகமெல்லாம் சுற்றி வந்த எச்1என்1 காய்ச்சல் இங்கேயும் வந்தது. அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் ஆசுபத்திரியில் கிடந்த பிள்ளைகளையும், வருடா வருடம் மழையோடு வந்து போகும் சாதாரண இன்புளுவென்சாவில் இந்தக் கடைசி வருடங்களில் கிடந்த பிள்ளைகளையும் ஒப்பிட வேண்டும். யாருக்கு நியூமோனியா வந்தது, யாரைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள், யார் வீடு திரும்பவில்லை. எல்லாம் கட்டிலோடு தொங்கும் நோய்க்குறிப்பு டிக்கெட்டுகளில் இருக்கும். பழைய டிக்கெட்டுகளை ஆய்வு உதவியாளரான என்னிடம் தந்தார்கள், புதியவற்றை ஹிமாயாவிடம். நான் களஞ்சிய அறையில் கரப்பான் எச்சத்தைத் தட்டித் தட்டித் தும்மிக்கொண்டிருந்தேன். அவள் வார்டில் கதிரை போட்டு இருந்து, பிள்ளைகளுக்குப் பலூன் ஊதிக் கொடுத்துக்கொண்டே எழுதினாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. உலகமே பயந்த அந்தக் காய்ச்சலில் எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் சுகமாகி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சாதாரணக் காய்ச்சலில்தான் மூச்சு வாங்கி, நீலம் பாரித்துக் கிடந்திருக்கிறார்கள். இரண்டு பகுதியிலும் டிக்கெட்டில் ஒரே வரி: காய்ச்சல் ஒரு நாள். அப்படியானால் இந்தப் பகுதியில் பருவக் காய்ச்சல் பெருந்தொற்றைவிடக் கொடியது, ஒரே நாளில் நெஞ்சைப் பிடித்துவிடுகிறது என்று ஹிமாயா எழுதினாள். டொக்டருக்குச் சந்தோசம். கொழும்பில் பெரிய டொக்டர்மாரின் கூட்டத்தில் வாசிக்க வேண்டும், ஹிமாயாவே வாசிக்கட்டும் என்றார். பெயர்களின் வரிசையையும் அன்றே சொன்னார். முதலில் ஹிமாயா, கடைசியில் அவர், நடுவில் நான்.

அந்த வரிசையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அன்றுதான் எனக்கு ஓதிப் பார்க்கும் லெப்பையின் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால், ஹிமாயா எழுதியதில் ஒரு பிழையாவது இருக்க வேண்டும் என்ற வெறியில்தான் யோசித்தேன். நல்லெண்ணத்தில் யோசித்திருந்தால் வந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் தண்ணீர் ஓதுவார்கள். பொழுதுபட்டு மஃரிபு தொழுகை முடிந்ததும் போத்தலோடு லெப்பையிடம் போவது, அவர் ஓதி ஊதித் தருவதைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுப்பது. அப்படி மூன்று மஃரிபு, மூன்று நாள். அதற்கும் விடாவிட்டால் நூல் ஓதிக் கையில் கட்டுவார்கள். அதற்கும் விடாவிட்டால்தான் ஆசுபத்திரி. எல்லா வீட்டிலும் இல்லை, ஆனால் எங்கள் போன்ற வீடுகளில் அதுதான் வழி.

அந்தப் பெருந்தொற்று வருடத்தில் நானும் காய்ச்சலில் விழுந்தேன், நாலாம் வகுப்பில். அதை அப்போது பன்றிக் காய்ச்சல் என்றார்கள். எங்கள் வீடுகளில் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். "அந்தக் காய்ச்சல்" என்பார்கள். உம்மா போத்தலோடு என்னையும் இழுத்துக்கொண்டு லெப்பை வீட்டுக்குப் போனார். லெப்பை கதவைப் பாதிதான் திறந்தார். மூக்கில் சால்வையைப் பொத்திக்கொண்டு, "அந்தப் பேருள்ள காய்ச்சலுக்கு நான் ஓத மாட்டன். ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். பெயருக்கு அருவருத்தாரா, தொற்றுக்குப் பயந்தாரா தெரியாது. உம்மா வாசலில் நின்று அழுதுவிட்டு, அன்றைக்கே ஓட்டோ பிடித்து என்னை ஆசுபத்திரியில் போட்டார். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வருடம் இதுதான் நடந்தது.

ஆக, கெட்ட பெயருள்ள காய்ச்சலில் பிள்ளைகள் முதல் நாளே வந்தார்கள். சாதாரணத் தடிமன் காய்ச்சலில் மூன்று மஃரிபும் நூலும் முடிந்து வந்தார்கள். பிறகு எப்படி எல்லா டிக்கெட்டிலும் ஒரு நாள்? தாய்மார் பொய் சொல்கிறார்கள். என் தம்பியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனபோது என் உம்மாவே அப்படித்தான் சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

இதை மேசையிலிருந்து சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று வீடு வீடாகப் போனேன். லீவு நாட்களில், பஸ்ஸில், மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், உள்ளே சவளக்கடை வரைக்கும். யாருக்கும் சொல்லவில்லை. எல்லாத் தாய்மாரும் முதலில் "நேத்துத்தான் காய்ச்சல்" என்றே தொடங்கினார்கள். "நீ ஆர்ர மகள்?" என்று கேட்பார்கள். சொல்வேன். பால் போடாத பிளேன்டி வரும். அதற்குப் பிறகுதான் கதை வரும்.

"நேத்துத்தான் எண்டு சொல்லாட்டி அந்த மிஸ்ஸி நம்மள உரிச்சுப் போடுவாவே" என்று வார்டுத் தாதியைச் சொன்னார் சாய்ந்தமருதில் ஒரு தாய். "'இவ்வளவு நாளும் புள்ளய என்ன ஊறுகாய் போட்டு வெச்சிருந்தயா?' எண்டு வார்டுக்கே கேக்கக் கத்துவா. அதுக்குப் பயந்து நான் என்ட மூணு புள்ளைக்கும் நேத்துத்தான். அவகளுக்கு நேத்தைக்கு முந்தி காய்ச்சலே வாறல்ல."

சிரித்தோம். நிந்தவூரில் நபீஸா ராத்தாவின் வீட்டில் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மகன் போன மழைக்காலத்தில் அதே காய்ச்சலில் மவுத்தாகிவிட்டான். நாலு வயது. அவரும் மூன்று மஃரிபு பார்த்தார். கட்டிய மாப்பிள்ளை கத்தாரில். அவரிடமும் தொலைபேசியில் நேத்துத்தான் என்றுதான் சொன்னார். மாப்பிள்ளையின் தங்கை அதே பிள்ளைகள் வார்டில் துப்புரவு வேலை செய்கிறாள். "இது தெரிஞ்சா அவர் என்னை வெச்சிருக்க மாட்டார் புள்ள. வெச்சிருந்தாலும் என்ட முகத்தப் பாக்க மாட்டார்" என்றார். உங்கள் பெயர் என் வாயிலிருந்து வராது என்று அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தேன். மற்றத் தாய்மாருக்கும் அதே வாக்குத்தான் கொடுத்தேன்.

இதையெல்லாம், முதல் பெயர் கேட்ட அன்று, டொக்டரின் அறையில் சொன்னேன், நபீஸா ராத்தாவின் பெயரைத் தவிர, எவருடைய பெயரையும் தவிர. அவர் சும்மா விடவில்லை.

"பெருந்தொற்றில வந்த புள்ளைகள் வயசில கொஞ்சம் பெரிசு. அதப் பாத்தீங்களா?"

"பாத்தன் சேர். ஒரே வயசுப் புள்ளைகளை மட்டும் எடுத்தாலும் அந்த வித்தியாசம் அப்படியே இருக்கு."

"அந்த வருசம் வைரஸ் மருந்தும் குடுத்தம். அதாலயும் சுகமாயிருக்கலாம்."

"முதல் நாள் வந்ததாலதானே அந்த மருந்து வேலை செஞ்ச? நாலாம் நாள் வந்திருந்தா?"

அவர் ஹிமாயாவைப் பார்த்தார். ஹிமாயா, "ஷீ இஸ் ரைட், மாமா" என்றாள். அந்த அறையில் நான் சரி என்று தீர்ப்புச் சொன்னதும் அவள்தான்.

டொக்டர் எழுந்து யன்னலருகில் போய் நின்றார். திரும்பியபோது முகம் மாறியிருந்தது. "அப்ப இது வேற கட்டுரை. முன்னதவிடப் பெரிய கட்டுரை" என்றார். "சரி, முதல் பேர் உங்களுக்குத் தரலாம்."

என் காதை நான் நம்பவில்லை. உம்மா சொன்னது பொய், ராத்தாமார் சொன்னது பொய், கேட்டால் தருகிறார்கள்.

"ஆனா," என்றார், "டிக்கெட்டில இருக்கிறது பொய் எண்டு எழுதணும் எண்டா எனக்கு ஆதாரம் வேணும். எந்தப் புள்ள, எந்தத் தாய் எண்டு தாங்க. அவங்களைக் கிளினிக்குக்குக் கூப்பிடுவம். வார்டு சிஸ்டரும் இருக்கட்டும். திரும்ப ஒருக்காக் கேப்பம்."

"பேர் சொல்ல மாட்டன் எண்டு சொல்லித்தான் கேட்டன் சேர்."

"பேர் இல்லாட்டி அது ஊர்க்கதை, றிபா." கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழமைக்குக் கொழும்புக்கு அனுப்பணும். யோசிச்சுப் பாருங்க."

வெளியே வந்ததும் ஹிமாயா பின்னால் ஓடி வந்தாள். "றிபா, தனியாவா இவ்வளவு வீட்டுக்கும் போன? மாஷா அல்லாஹ். என்னையும் கூப்பிட்டிருந்தா வந்திருப்பனே. கார்ல போயிருக்கலாம்."

"காரைக் கண்டா அவங்க நேத்துத்தான் எண்டுதான் சொல்லுவாங்க" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வீட்டில் உம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பேர் கேட்டாயா என்று ஓட்டுக் குவியலுக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"கேட்டன். தாறன் எண்டிட்டாரு."

"சும்மாவா தாறாரு?"

"சும்மா இல்ல." மிச்சத்தையும் சொன்னேன்.

"அப்ப அந்தப் பொம்புளைகள்ர பேரக் குடுக்கப் போறயா?"

"நான் குடுக்கிறன் எண்டு சொல்லல்ல."

"குடுக்க மாட்டன் எண்டும் சொல்லல்லயே." ஓர் இறாலின் தலையைக் கிள்ளி எறிந்தார். "உனக்கு அந்தக் கொழும்புப் புள்ளயில பொறாம. வேற ஒண்டும் இல்ல."

"ஓம் உம்மா. பொறாமதான்."

மறுப்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். "போய் அஸர் தொழு" என்று மட்டும் சொன்னார்.

தொழவில்லை. கட்டிலில் கிடந்து அந்தத் தாய்மாரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் மனப்பாடம். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. மேடையில் ஹிமாயா நிற்க மாட்டாள், நான் நிற்பேன். திரையில் முதல் வரியில் என் பெயர், வாப்பாவின் பெயரோடு. கீழே எங்கேயோ அவளுடைய பெயர். அவள் கைதட்டுவாள், அவள் அப்படிப்பட்டவள்தான். ஆனால் கீழே கதிரையில் இருந்து தட்டுவாள். எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன் என்று தெரியாது. நபீஸா ராத்தாவின் பெயர் வரும் இடத்தில் மட்டும் நாக்கு நின்றது. அவரிடம் போய்ச் சம்மதம் வாங்கிவிட்டால் நாக்கு நிற்காது என்று நினைத்தேன். கேட்டால் தருகிறார்கள்தானே. டொக்டரே தந்தாரே.

சனிக்கிழமை நிந்தவூருக்கு பஸ் ஏறினேன்.

நபீஸா ராத்தா கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வா புள்ள. நேத்து உன்ட கூட்டாளி வந்திட்டுப் போனாவு" என்றார்.

"ஆரு?"

"அந்த டொக்டர் புள்ள. கார்ல. மகன் வார்டில கிடக்கக்குள்ள பலூன் ஊதிக் குடுத்தாவே, அவதான்."

எனக்கு இருக்க முடியவில்லை. நான் ஒன்றைச் சொன்னேன், டிக்கெட்டில் விலாசத்தைப் பார்த்து அடுத்த நாளே வந்துவிட்டாள். நான் பஸ்ஸில் இடிபட்டு, வெயிலில் தெருத் தெருவாய் அலைந்து கண்ட வீட்டுக்குக் காரில் வந்து இறங்கியிருக்கிறாள். இதையும் எடுத்துக்கொள்ளப் போகிறாள்.

"என்ன கேட்டா?"

"முதல்ல ஒண்டும் கேக்கல்ல. மகன்ட போட்டோவப் பாத்திட்டு அழுதாவு. தேம்பித் தேம்பி அழுதாவு. நான்தான் தண்ணி குடுத்து ஆறுதல் சொன்னன்."

நான் இந்த வீட்டில் அழவில்லை. எனக்கு அழத் தெரியாது என்றில்லை. கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு வந்தவள் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவளுக்கு அதுவும் தடையில்லை.

"பிறகு கேட்டாவு," என்றார் நபீஸா ராத்தா, "காய்ச்சல் எப்ப தொடங்கின எண்டு."

"நீங்க என்ன சொன்ன?"

"என்ன சொல்ற? நேத்துத்தான் எண்டன்."

அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், அந்த முற்றத்தில் நின்று எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் நிற்கிறேன், என் உடம்பெல்லாம் சந்தோசம். கார், அழுகை, பலூன், எல்லாவற்றோடும் வந்து கேட்டவளுக்கு அந்தப் பழைய பொய். வேர்த்து வழிந்துகொண்டு வந்த எனக்கு உண்மை. இந்த உலகத்தில் அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

அதைத்தான் டொக்டர் கேட்கிறார். முதல் பெயருக்குப் பதிலாக அதைக் கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டும். வைத்தால் சிஸ்டருக்கும் தெரியும், ஹிமாயாவுக்கும் தெரியும், வார்டு கூட்டுகிற அந்தத் தங்கைக்கும் தெரியும். பிறகு அது யாருடையதும் இல்லை.

"நீ ஆருட்டயும் சொல்லல்லதானே?" என்று கேட்டார் நபீஸா ராத்தா.

"இல்ல."

"சொல்லவும் மாட்டாய்தானே?"

இந்த இடத்தில்தான் நான் கேட்டிருக்க வேண்டும். அதற்கென்றுதான் வந்தேன். "பேர் இல்லாம எழுதினா என்ன ராத்தா?" என்று வாயில் வந்தது.

"ஆருக்கு எழுதப் போறாய்?"

"வாசிக்கிற ஆக்களுக்கு."

ஈரக் கையைச் சீலையில் மறுபடியும் துடைத்தார். "எழுது. இன்னொருத்தி என்னப் போல மூணு மஃரிபும் பாத்துக்கொண்டு இருக்காம இருக்க என்னத்தையாவது எழுது. என்ட பேர மட்டும் எழுதிராத. மகன்ட பேரும் வேணாம். நிந்தவூர் எண்டும் போடாத."

"ஓம் ராத்தா."

"சோறு திண்டிட்டுப் போ."

தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

பஸ் காரைதீவைத் தாண்டும்போதே முடிவெடுத்துவிட்டேன். டிக்கெட்டுகள் ஆசுபத்திரியுடையவை. அவற்றை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். தாய்மார் எனக்குச் சொன்னது என்னிடம் இருக்கிறது. இப்போதுள்ள தாய்மார் மட்டுமில்லை, அந்தக் காய்ச்சல் வருடத்தில் லெப்பை கதவைச் சாத்தியதால் ஆசுபத்திரிக்கு ஓடிய தாய்மாரும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். என் உம்மா இருக்கிறார். இரண்டு பக்கத்தையும் கேட்டு, பெயரில்லாமல், நானே எழுதுவேன். என்னோடு எவரும் வேண்டாம். முதல் பெயர் என்றால் இரண்டாம் பெயர் ஒன்றும் இருக்கிறது. எனக்கு முதல் பெயர் வேண்டாம், ஒற்றைப் பெயர் வேண்டும். இது நல்ல காரணமா கெட்ட காரணமா என்று யாரும் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்கவும் தேவையில்லை.

திங்கட்கிழமை காலையில் டொக்டரின் அறைக்குப் போனேன். இருவரும் இருந்தார்கள். ஹிமாயாவின் கண் வீங்கியிருந்தது, தூங்கவில்லை போலும். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தி, "சேர், நான் ஒண்டு சொல்லணும்" என்று தொடங்கினேன்.

"றிபா, ஒரு நிமிசம், நான் முதல்ல சொல்றன்" என்றாள் ஹிமாயா. டொக்டரின் பக்கம் திரும்பினாள். "மாமா, அந்த உம்மாமார்ர பேர் கேக்க வேணாம். அது சரியில்ல. நானும் ஒரு வீட்டுக்குப் போனன். என்னட்ட அவங்க உண்மையச் சொல்லல்ல. ஏன் சொல்லல்ல எண்டு எனக்கு விளங்குது. றிபாவ நம்பிச் சொல்லியிருக்காங்க. அத நாம உடைக்கக் கூடாது."

"ஆதாரம் இல்லாம எப்படி ஹிமா…"

"பேருக்குப் பதிலா இலக்கம் போடலாம். எத்தனையோ ஆய்வில அப்படித்தானே செய்ற? கிளினிக்குக்கும் கூப்பிட வேணாம்."

டொக்டர் நெற்றியைத் தடவினார். நான் "பேர் சொல்ல மாட்டன்" என்றபோது ஊர்க்கதை என்றவர். இப்போது, "ம்… அப்படியும் செய்யலாம்தான்" என்றார். அவ்வளவு லேசாக.

"றிபாட பேர்தான் முதல்ல வரணும்," என்றாள் ஹிமாயா. "கொழும்புக்கும் அவதான் போகணும். நான் பின்னுக்கு இருக்கிறன்."

"நீயே விட்டுக் குடுக்கிற எண்டா எனக்கு என்ன," என்று சிரித்தார் டொக்டர். "சரி றிபா. சந்தோசமா? எல்லாம் நீங்க கேட்டபடி. இப்ப சொல்லுங்க, என்ன சொல்ல வந்த?"

நான் சொல்ல வந்ததை அவள் சொல்லி முடித்துவிட்டாள். பெயர்களைத் தர மாட்டேன் என்று பஸ்ஸில் எடுத்த முடிவு. அதை இந்த அறையில் என் வாயால் சொல்லி, அதற்கு வரும் கோபத்தை என் முகத்தில் வாங்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் தயாராகி வந்தேன். அவள் சொன்னாள், கோபமே வரவில்லை. இனி நான் சொன்னாலும் அவளிடமிருந்து கற்றுக்கொண்டது போலத்தான் இருக்கும். அவளும் அப்படித்தான் நினைப்பாள், அதற்காக என்னை இன்னும் கொஞ்சம் விரும்புவாள்.

"என்ட பேரை எடுத்திருங்க சேர்," என்றேன்.

"என்ன?"

"முதல்லயும் வேணாம், நடுவிலயும் வேணாம். பழைய டிக்கெட்டெல்லாம் பதிஞ்சு முடிச்சிட்டன், கணினியில இருக்கு. தாய்மார் எனக்குச் சொன்ன ஒண்டையும் அந்தக் கட்டுரையில போடாதீங்க. அது நான் எழுதுவன்."

டொக்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "தனியாவா? உங்களுக்கு யார் அதப் போட்டுத் தருவாங்க?"

"தெரியா சேர்."

"அவசரப்படாதீங்க. பிறகு வந்து கேட்டாக் கிடைக்காது."

"ஓம் சேர்."

ஹிமாயா எழுந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது, அவளுக்கு அது உடனே வரும். "றிபா, ஏன்? உங்களுக்காகத்தானே நான் கதைச்சன்?"

"ஓம்," என்றேன். "அதுதான்."

பையைத் தோளில் போட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கும்படி சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை. கதவைத் திறந்து நடைபாதைக்கு வந்தேன். மஞ்சள் துவாயில் பிள்ளையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வார்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். மிஸ்ஸி என்ன கேட்டாளோ, அந்தத் தாய் பதில் சொல்வது மட்டும் கேட்டது. பின்னால் ஹிமாயாவின் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. "நில்லுங்க றிபா, எங்க போற? கார்ல விடுறன்" என்றாள்.

நான் திரும்பாமல் படியிறங்கினேன். உம்மாவிடமிருந்து கேட்கத் தொடங்க வேண்டும்.